“நீங்கதாம்மா பார்த்துக்கணும்”: சிகரெட்டை விடும் முயற்சியில் துணைக்கு என்ன வேலை?

நெஞ்சு நோய் மருத்துவரின் அறையில் அடிக்கடி நடக்கும் காட்சி இது. கணவரின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, சிகரெட்டை உடனே விட்டாக வேண்டும் என்று அவரிடம் கறாராகச் சொல்லி முடித்த டாக்டர், கடைசியாக மனைவி பக்கம் திரும்புகிறார். “நீங்கதாம்மா பார்த்துக்கணும்.” அந்த அம்மாவும் தலையாட்டுகிறார். என்ன பார்த்துக்கொள்ள வேண்டும், எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவர் தனக்குத் தெரிந்த வழியில் பார்த்துக்கொள்ள ஆரம்பிக்கிறார். சட்டைப் பையைத் துழாவுவது, வாயை ஊதச் சொல்வது, “அப்பா கடைப்பக்கம் நிக்கிறாரான்னு பார்த்துட்டு வா” என்று பிள்ளையை அனுப்புவது, குழந்தை தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்குவது. ஒரே வாரத்தில் வீட்டுக்குள் ஒரு போலீஸ் ஸ்டேஷன் திறந்தாகிவிடும். கணவரும் ஹால்ஸ் மிட்டாய் வாங்கி வைத்துக்கொள்ளப் பழகிவிடுவார்.

புகையை விடப் பார்ப்பவர் தன் துணையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கையேடுகள் சொல்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால் எந்த வேலைக்கு? கண்காணிக்கவா, கண்டிக்கவா, கூட நிற்கவா? இதைப் பேசி முடிக்காமல் துணையை உள்ளே இழுத்தால் பலன் இல்லாமல் போவதோடு, சில வீடுகளில் நிலைமை முன்பைவிட மோசமாகவும் ஆகிறது. (கட்டுரை முழுக்கக் கணவர் புகைப்பவர், மனைவி துணை என்றே பெரும்பாலும் வரும். 2016-17இல் இந்தியாவில் எடுத்த பெரியவர்கள் புகையிலைக் கணக்கெடுப்பில் ஆண்களில் 19 சதவீதமும் பெண்களில் 2 சதவீதமும் புகைப்பவர்கள். கணக்கு அப்படி இருப்பதால்தான் இப்படி எழுதுகிறேன். புகைக்கும் பெண்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.)

ஆராய்ச்சிகள் இதில் சொல்வது முதல் பார்வைக்கு ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். மருத்துவ ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு, துணையின் ஆதரவைப் பற்றிய தன் மதிப்பாய்வை 2018இல் புதுப்பித்தது. மொத்தம் 14 சோதனைகள். ஒரு தரப்புக்கு வழக்கமான உதவி மட்டும். இன்னொரு தரப்புக்கு அதோடு சேர்த்து, துணைக்கு எப்படி உதவுவது என்ற பயிற்சியும். அந்தத் துணை மனைவியாகவோ கணவராகவோ இருக்கலாம், சிலவற்றில் நண்பராகவோ உடன் வேலை பார்ப்பவராகவோ இருந்தார். ஆறு மாதம் கழித்தும், ஒரு வருடம் கழித்தும் எண்ணிப் பார்த்தால் இரண்டு தரப்பிலும் விட்டவர்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு. பயிற்சியால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கூடவில்லை.

இன்னொரு பக்கம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இதய ஆய்வு இருக்கிறது. அதில் 1971 முதல் 2003 வரை 12,067 பேரின் உறவுகளையும் நட்புகளையும் வலைபோல் வரைந்து பார்த்தார்கள் நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபவுலரும். 2008இல் வெளியான அவர்களுடைய கணக்குப்படி, கணவனோ மனைவியோ புகைப்பதை நிறுத்தினால் மற்றவர் புகைப்பவராக இருக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது. நண்பர் விட்டால் 36 சதவீதம், சிறிய அலுவலகத்தில் சக ஊழியர் விட்டால் 34 சதவீதம், உடன்பிறந்தவர் விட்டால் 25 சதவீதம். வாழ்க்கைத் துணைக்கு ஈடாக வேறு யாருமே இல்லை.

அப்படியானால் துணைக்குச் சக்தி இருக்கிறது, ஆனால் துணைக்குப் பயிற்சி கொடுத்தால் பயன் இல்லை! இது எப்படி? காக்ரேன் தொகுப்பிலேயே பாதிப் பதில் இருக்கிறது. இதை அளந்து பார்த்த சோதனைகளில் பெரும்பாலானவற்றில், பயிற்சிக்குப் பிறகும் துணையின் நடத்தையே மாறவில்லை. ஒரு சிறு புத்தகம், ஒரு வீடியோ, இரண்டு மூன்று கூட்டம். இருபது வருடமாகப் பேசிப் பழகிய தோரணை இதற்கெல்லாம் மாறிவிடுமா? மறுபாதிப் பதில், ஃபிரேமிங்ஹாம் எதை அளந்தது என்பதில் இருக்கிறது. அங்கே கணக்கில் வந்தது துணை என்ன சொன்னார் என்பதல்ல, அவர் தானே விட்டாரா என்பது. ஒருவர் விட்டால் வீட்டின் பழக்கமே மாறுகிறது. அறிவுரைக்கு அந்த இழுவை கிடையாது.

துணையின் நடத்தையை இன்னும் நெருக்கமாகப் பார்த்தவர்கள் ஷெல்டன் கோஹனும் எட்வர்ட் லிக்டென்ஸ்டைனும். அவர்கள் 1990இல் பயன்படுத்திய 20 கேள்விகள் கொண்ட படிவம் இன்றும் ஆய்வுகளில் புழங்குகிறது. துணை செய்யக்கூடிய காரியங்களை அது இரண்டு பக்கமாகப் பிரிக்கிறது. ஒரு பக்கத்தில் பாராட்டுவது, தம் அடிக்கத் தோன்றும் நேரத்தில் வேறு ஏதாவது செய்ய யோசனை சொல்வது, பதற்றமாக இருக்கும்போது அமைதிப்படுத்துவது. இன்னொரு பக்கத்தில் நாற்றமடிக்கிறது என்பது, மன உறுதி இல்லாதவன் என்பது, உன்னால் முடியாது என்று சந்தேகப்படுவது. விட்டவர்களையும் விடாதவர்களையும் வைத்துப் பார்த்தபோது, நல்லது எவ்வளவு, கெட்டது எவ்வளவு என்று தனித்தனியாக எண்ணுவதைவிட இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் விளைவைக் காட்டியது. திட்டவே திட்டாத மனைவி தேவையில்லை. ஒரு குத்தலுக்கு நாலு நல்ல வார்த்தை இருந்தால் போதும் என்பதுபோல ஒரு கணக்கு. நாலு என்பது என் கற்பனை, விகிதம்தான் முக்கியம்.

அந்தப் படிவத்தில் ஒன்று எனக்கு வியப்பாக இருந்தது. “புகைப்பதை விடு” என்று கேட்டுக்கொள்வதே கெட்ட பக்கத்தில்தான் இருக்கிறது! நம் ஊரில் அதை அன்பு என்றுதான் நினைப்பார்கள். ஆனால் கேட்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் புரியும். பாக்கெட்டில் அழுகிய வாய்ப் படம், சினிமாவுக்கு முன் எச்சரிக்கை, டாக்டர், அம்மா, மேலாளர் என்று எல்லாரும் சொல்லிவிட்ட ஒன்றை மனைவியும் சொல்கிறார். அவருக்குத் தெரியாத செய்தி அதில் ஏதுமில்லை.

இதற்குப் பின்னால் இருக்கும் சுழற்சியை அரிசோனா பல்கலைக்கழகத்தில் வார்டா ஷோஹமும் மைக்கேல் ரோர்பாவும் பல வருடம் ஆராய்ந்தார்கள். அவர்களிடம் வந்தவர்கள் சாதாரணமாகப் புகைப்பவர்கள் அல்ல. தமக்கோ துணைக்கோ இதயத்திலோ நுரையீரலிலோ நோய் வந்த பிறகும் விட முடியாதவர்கள். அங்கே திரும்பத் திரும்பக் கண்ட சுழற்சியை நம் வீட்டு மொழியில் சொன்னால் இப்படி இருக்கும்:

“என்னங்க, எங்க போயிட்டு வர்றீங்க?”

“பால் வாங்கத்தான்.”

“பால் வாங்க இருபது நிமிஷமா?”

அவர் பதில் சொல்லாமல் டிவி ரிமோட்டை எடுத்துக்கொள்வார். இவர் குரலைக் கூட்டுவார். அவர் ஒலியைக் கூட்டுவார். “எனக்காக வேண்டாம், பிள்ளைங்களுக்காகவாவது...” என்று இவர் தொடங்கும்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே போவார்? தெருமுனைப் பெட்டிக்கடைக்குத்தான். அங்கே கயிற்று நுனியில் நெருப்பு கனன்றுகொண்டிருக்கும், சில்லறையாக ஒரு சிகரெட் வாங்கிக்கொள்ளலாம். கேட்டால் மனைவி சொல்வார்: “அவர் புடிக்கிறதாலதான் நான் கத்துறேன்.” கணவர் சொல்வார்: “இவ கத்துறதாலதான் நான் புடிக்கிறேன்.” இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பிரச்சினைக்குத் தீர்வாக ஒருவர் செய்வதே பிரச்சினைக்குத் தீனி போடுகிறது. ஷோஹம், ரோர்பா குழு தம்பதிகளை ஒன்றாக உட்காரவைத்து, இந்தச் சுழற்சியை அவர்கள் கண்ணுக்குக் காட்டி, மனைவி எதை நிறுத்தினால் சுழற்சி அறும் என்று தேடியது. 20 தம்பதிகளைக் கொண்ட அவர்களின் முதல் ஆய்வில், புகைத்தவர்களில் பாதிப்பேர் ஆறு மாதமாவது புகையில்லாமல் தாக்குப்பிடித்தார்கள். சிறிய ஆய்வு, ஒப்பிட வேறு குழு கிடையாது, அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் நோய் வந்தும் விடாதவர்களில் பாதி என்பது சும்மா இல்லை.

சரி, கத்தாமல் இருந்தால் போதுமா? போதாது. விடும் மனிதரின் உடம்பில் என்ன நடக்கிறது என்று துணைக்குத் தெரிந்திருந்தால்தான் கத்தாமல் இருக்கவே முடியும்.

இழுத்த புகையிலிருக்கும் நிகோடின் 10, 20 வினாடிக்குள் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இரத்தத்தில் அதன் அளவு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால்தான் தொடர்ந்து புகைப்பவருக்குக் காலையில் எழுந்ததும் முதல் சிகரெட் அவ்வளவு அவசரமாகத் தேவைப்படுகிறது. நிறுத்திவிட்டால் முதல் இரண்டு மூன்று நாளில் எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை, கவனம் சிதறுவது எல்லாம் உச்சத்துக்குப் போய், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் மெல்ல அடங்கும். புகைக்க வேண்டும் என்ற வெறி அலை அலையாக வரும். ஒவ்வோர் அலையும் சில நிமிடங்களில் தணிந்துவிடும், பற்றவைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி. எந்த உதவியும் இல்லாமல் தானாக விடுகிறவர்களில் 100க்கு 3 முதல் 5 பேர்தான் ஆறு மாதத்தையோ ஒரு வருடத்தையோ தாண்டுகிறார்கள். சறுக்குபவர்களில் பெரும்பாலோர் முதல் 8 நாளுக்குள்ளேயே சறுக்கிவிடுகிறார்கள். வீட்டில் கூட நிற்க வேண்டிய நேரம் என்றால் அந்த முதல் வாரம்தான்.

அந்த வாரத்தில்தான் வீட்டில் ஒரு வாக்கியம் பிறக்கும். சாம்பாரில் உப்பு குறைந்ததற்குத் தட்டைத் தள்ளிவிட்டவரைப் பார்த்து, “இதுக்கு நீங்க பத்தவெச்சுக்கிட்டே இருந்திருக்கலாம்.” வெறுத்துப்போய் வாய் தவறி வரும் வார்த்தைதான். அவருடைய மூளை அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருப்பதும் அப்படி ஒரு அனுமதிச் சீட்டைத்தான். எரிச்சல் மூன்றாம் நாளில் உச்சம், அப்புறம் இறங்கும் என்று இரண்டு பேருக்கும் முன்பே தெரிந்திருந்தால் அந்த வாக்கியத்தை விழுங்கிவிடலாம். அதற்காகத் தட்டைத் தள்ளுவதையெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தமில்லை. விடுகிறவரே முன்கூட்டிச் சொல்லிவைக்கலாம்: “நான் எகிறினா பதில் பேசாத, நான் மொட்டைமாடிக்குப் போயிட்டு பத்து நிமிஷத்துல வந்துடறேன்.”

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. டீ, காபி. புகையில் இருக்கும் சில பொருட்கள் கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டிவிட்டு, காஃபினை வேகமாக வெளியேற்ற வைக்கும். புகைப்பதை நிறுத்தினால் அந்த நொதி பழைய நிலைக்கு இறங்கிவிடும். ஆக, அதே மூன்று டம்ளர் காபி இப்போது உடம்பில் அதிக நேரம் தங்கும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. இதை நிகோடின் இல்லாத தவிப்பு என்று நினைத்து மீண்டும் பற்றவைப்பவர்கள் உண்டு. போதாததற்கு டீயும் தம்மும் ஜோடி. டம்ளரைக் கையில் எடுத்தாலே விரல் சிகரெட்டைத் தேடும். காபியின் அளவைப் பாதியாக்குவது, சில வாரங்களுக்கு டீக்கடைக்குப் பதில் வீட்டிலேயே குடிப்பது, காலை டீயை இடம் மாற்றி அடுப்பங்கரையில் நின்றே குடித்துவிடுவது ஆகியவை வீட்டில் இருப்பவர் உண்மையிலேயே உதவக்கூடிய வேலைகள். அறிவுரைகளைவிட இவற்றுக்கு மதிப்பு அதிகம். (ஆஸ்துமாவுக்கோ மூச்சிரைப்புக்கோ தியோஃபிலின் சாப்பிடுபவர்கள் புகைப்பதை நிறுத்தினால், இதே நொதியால் அந்த மருந்தின் அளவும் இரத்தத்தில் ஏறும். விடுகிற விவரத்தை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.) பசியும் கூடும். ஒரு வருடத்தில் சராசரியாக நான்கு, ஐந்து கிலோ ஏறும். “தொப்பை போட்டுட்டீங்க” என்று அப்போது கிண்டல் செய்யாமல் இருப்பதும் ஒரு உதவிதான்.

துணையும் வீடும் சேர்ந்து ஒருவரைப் புகையிலிருந்து விலக்கி வைக்கும் ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அதை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களைச் சொல்கிறேன். தினம் ஒரு பாக்கெட் ஊதுகிறவர், மாலை விழுந்த மறுநிமிடம் நிறுத்திவிடுவார். 41 நாளோ 48 நாளோ தொடமாட்டார். (மாலையோடு ஒளிந்து ஊதுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடுவோம்.) மன உறுதி இல்லாதவர் என்று பெயர் வாங்கியவருக்கு இது எப்படி முடிகிறது? பக்தி ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அவரைச் சுற்றி என்னென்ன மாறுகிறது என்று பாருங்கள். விடிகாலைக் குளியலும் பூஜையும் வருகின்றன. முதல் சிகரெட்டின் நேரத்தில் இப்போது சரணம் ஓடுகிறது. மனைவி அவருக்கு முன்பே எழுந்து குளித்துச் சமைக்கிறார், “சாமி” என்று கூப்பிடுகிறார். கூட இருந்து ஊதும் நண்பர்கள் தானாகவே நீட்டுவதில்லை. பெட்டிக்கடைக்காரர்கூட, “சாமி, டீ மட்டும்தானே?” என்று கேட்கிறார். முக்கியமாக, அந்த நாட்களில் வீட்டில் யாரும் அவர் வாயை மோந்து பார்ப்பதில்லை. விட்டுவிட்டார் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கண்காணிப்பு பூஜ்யம், ஒத்தாசை நூறு.

பிறகு மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று மாலையே மீண்டும் பற்றவைக்கிறார்கள். நிகோடின் தவிப்பு நான்கு வாரத்தில் அடங்கிவிடும் என்றால் 48ஆம் நாளில் உடம்பு கேட்கவே கேட்காது. உடம்பு கேட்காவிட்டாலும் நாளின் ஒழுங்கு பழையபடி திரும்பிவிட்டதே! மனைவி அன்றைக்கு அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறார், நண்பர்கள் பாக்கெட்டை நீட்டுகிறார்கள், டீக்கடையில் பழைய பெஞ்சு. ஐயப்பனுக்காக விட்டது முடிந்துவிட்டது, தனக்காக விடுவது தொடங்கவேயில்லை. மாலை கழற்றும் நாளுக்கு முன்பே, அதற்குப் பிந்தைய ஒரு மாதத்துக்கு எந்தெந்தப் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொள்வது என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசினால், வருடத்துக்கு ஒருமுறை தானாக வரும் வாய்ப்பு வீணாகாது. தவக்காலத்தில் விடும் கிறிஸ்தவர்களுக்கும் இதே கதைதான். ரமலான் நோன்பில் பகல் மட்டும்தான் விலக்கு, நோன்பு திறந்ததும் பற்றவைத்துவிடலாம் என்பதால் அங்கே சூழல் கொஞ்சம் வேறு.

வீட்டுக்குள் புகைக்கக் கூடாது என்ற விதி தனியாகப் பேச வேண்டியது. மேலே சொன்ன படிவத்தில், வீட்டுக்குள் புகைக்க விடாமல் தடுப்பதும் கெட்ட பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அடுத்தவர் விட்ட புகையில் வாழ்பவருக்கு இதய நோய் வரும் அபாயம் 25 முதல் 30 சதவீதம் கூடுகிறது என்றும், நுரையீரல் புற்றுநோய் அபாயம் 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது என்றும் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. இதைக் கணவன்மார் புகையால் மனைவிமாருக்கு என்ன ஆகிறது என்ற கேள்வியாகவே முதலில் கேட்டவர்களில் ஒருவர் ஜப்பானின் தகேஷி ஹிராயாமா. புகைக்காத 91,540 மனைவிகளை 14 வருடம் பின்தொடர்ந்து, கணவர் எவ்வளவு அதிகம் புகைத்தாரோ அவ்வளவு அதிகமாக மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வந்ததை 1981இல் வெளியிட்டார். சிகரெட் கம்பெனிகள் அவரைச் சும்மா விடவில்லை என்பது வேறு கதை. ஆகவே வீட்டு விதி என்பது கணவரைத் திருத்துகிற விஷயம் மட்டுமல்ல, மனைவியின் சொந்த உடம்பு சம்பந்தப்பட்டது. இதில் அவர் கேட்பது தயவு கிடையாது.

இந்தியாவில் வீட்டுக்குள் அடுத்தவர் புகைக்கு ஆளாகும் பெரியவர்கள் 2009-10இல் 52.3 சதவீதமாக இருந்து, 2016-17இல் 38.7 சதவீதமாகக் குறைந்தார்கள். குறைந்தது நல்லது, இருப்பது அதிகம். எப்படிக் கேட்பது என்பதற்குக் கேரளத்துக் கிராமங்களில் நடந்த ஒரு முயற்சி நல்ல உதாரணம். அங்கே பெண்களிடம் பேசிப் பார்த்தபோது, பெரும்பாலோர் தனியாகப் புருஷனிடம் கேட்டுப் பார்த்துவிட்டோம், எடுபடவில்லை என்றார்கள். அதனால் ஊரில் கூட்டம் போட்டுப் பேசி, ஊர்த் தலைவர்கள் கையெழுத்துப் போட்டு, இது எங்கள் ஊரின் முடிவு என்று எல்லா வீட்டுக்கும் பொதுவாக வைத்தார்கள். எந்தப் பெண்ணும் தன் கணவரைத் தனியாகக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே புகைப்பது 70, 80 சதவீத ஆண்களின் வழக்கமாக இருந்த அந்த ஊர்களில், ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது மூன்றில் ஒருவரிலிருந்து பாதிக்கும் மேற்பட்டவர் வரை வீட்டுக்குள் நிறுத்தியிருந்தார்கள். அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. சண்டையின் நடுவில் போடும் தடைக்கும், ஆறிய நேரத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விதிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒன்று: பால்கனி வீட்டுக்கு வெளியே இல்லை. கதவைச் சாத்தினாலும் புகை உள்ளேயும் மேல்வீட்டுக்கும் போகத்தான் செய்யும்.

இரண்டு பேருமே புகைக்கும் வீடுகள் நம்மிடம் குறைவு. இங்கிலாந்தில் அப்படிப்பட்ட தம்பதிகள் நிறைய. அங்கே முதியோரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வில் 3,722 தம்பதிகளின் விவரங்களை எடுத்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். கணவர் தொடர்ந்து புகைக்கும்போது மனைவிகளில் 8 சதவீதம் பேர் விட்டார்கள். கணவர் முன்பிருந்தே புகைக்காதவர் என்றால் 17 சதவீதம். கணவரும் அதே காலத்தில் விட்டால் 50 சதவீதம்! பல காலமாகச் சுத்தமாக இருக்கும் துணையைவிட, இப்போது கூடவே திண்டாடும் துணை மேல். நம் வீடுகளில் மனைவி புகைப்பதில்லை என்பதால் இதை விட்டுவிட வேண்டியதில்லை. கூட ஊதுகிற மச்சான், அண்ணன், ஆபீஸ் நண்பர் என்று யாராவது ஒருவர் இருப்பார். மனைவியைக் காவலுக்கு வைப்பதைவிட மச்சானை ஜோடி சேர்த்துக்கொள்வது பல பேருக்கு நடைமுறையில் நன்றாக ஒத்துவரும். மனைவியே கூட நிற்க விரும்பினால், அவர் தன்னுடைய ஏதாவது ஒன்றை, இரண்டாவது காபியையோ ராத்திரி சீரியலையோ, அதே காலத்துக்கு விட்டுப் பார்க்கலாம். தவிப்பு எப்படி இருக்கும் என்று ஓரளவு புரியும். நிகோடினோடு ஒப்பிட முடியாதுதான்.

பேச்சைத் தொடங்க வேண்டியவர் புகைப்பவர். இதுதான் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. தேதியை அவர் குறிக்கட்டும் (மச்சினன் கல்யாணத்துக்கு முந்தின நாளாக வேண்டாம்). என்ன உதவி வேண்டும், என்ன வேண்டாம் என்று அவரே சொல்லட்டும். சிலருக்குத் தினமும் ராத்திரி, “இன்னைக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் தெம்பு. சிலருக்கு அதுவே விசாரணை. கேட்டால்தான் தெரியும். ஆஷ்ட்ரே, லைட்டர், காரில் கிடக்கும் பாதி பாக்கெட் எல்லாவற்றையும் இரண்டு பேரும் சேர்ந்தே தூக்கிப் போடலாம். பெட்டிக்கடையில் கணக்கு வைத்திருந்தால் அதை அடைத்துவிட்டு வருவது அவர் வேலை, மனைவி போய்ச் சொல்லக் கூடாது.

மருந்து விஷயத்தில் மனைவியின் ஒத்துழைப்பு நிறையவே தேவை, ஏனென்றால் எதிர்ப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். “அதுவும் நிகோடின்தானே, ஒண்ணை விட்டு ஒண்ணைப் பிடிக்கிறதா?” என்பார்கள். புற்றுநோயைக் கொண்டுவருவது புகையில் இருக்கும் மற்ற நச்சுகள். நிகோடின் ஆளைப் பிடித்து வைக்கிறது. சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை போன்ற நிகோடின் மாற்றுகள் விடும் வாய்ப்பை 50 முதல் 60 சதவீதம் கூட்டுகின்றன. 2 மில்லிகிராம் சூயிங்கம் நம் மருந்துக் கடைகளில் சீட்டில்லாமலே கிடைக்கும். அதை பபிள்கம் மாதிரி மென்று, மேலே ஒரு டீயும் குடித்துவிட்டு, விக்கல் எடுத்ததும் இது வேலைக்காகாது என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். நாலைந்து முறை மெல்ல மென்று, காரமாகச் சுர்ரென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். சுருசுருப்பு அடங்கினால் மறுபடி மெல்லலாம், அரை மணி நேரம் இப்படியே. கால் மணி நேரம் முன்பிருந்து காபி, பழச்சாறு கூடாது, புளிப்பு இருந்தால் வாய் நிகோடினை உறிஞ்சாது. இதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் சூயிங்கம் வேலை செய்யும். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். புகையிலைப் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண் 2016இல் தொடங்கியது. 2018 முதல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் தென் மாநிலங்களுக்காக இதில் சேர்ந்திருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 2002 முதலே புகையிலையை விடுவதற்கான ஆலோசனை மையம் உண்டு. மனைவி சுமக்கும் பாதி வேலையை இவர்கள் சுமப்பார்கள்.

சறுக்கல் வரும். ஒரு கல்யாண வீட்டிலோ, ஒரு சாவு வீட்டிலோ ஒன்று பற்றவைத்துவிடுவார். அதை ஒளிக்காமல் வீட்டில் சொல்ல முடிகிறதா என்பதுதான் துணை சரியான வேலையில் இருக்கிறாரா என்பதற்கான சோதனை. “எனக்கு அப்பவே தெரியும்” என்றால் அடுத்த முறை சொல்லமாட்டார், ஒன்று பத்தாகும். “எங்க? கூட யாரு இருந்தாங்க?” என்று கேட்டால், அடுத்த கல்யாணத்துக்கு என்ன செய்வது என்ற பேச்சாக அது மாறும்.

இவ்வளவும் சொன்ன பிறகு மனைவிகளின் பக்கம் நின்று ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் விடாவிட்டால் அது மனைவியின் தோல்வி இல்லை. கையோங்கும் வீடுகளில் இந்தப் பேச்சையே எடுக்க முடியாது, எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவும் கூடாது. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் முக்கூடல் போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு பெண்கள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றித்தான் குடும்பம் ஓடுகிறது, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பகலெல்லாம் புகையிலைத் தூளில் கைவைத்துச் சம்பாதிப்பவரிடம் போய், ராத்திரி உங்கள் கணவரைப் பீடியை விடச் செய்யுங்கள் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

புகைக்கும் பெண்களுக்கோ சிக்கல் வேறு வகை. பல பேர் புகைப்பதே வீட்டில் தெரியாது. கணவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒப்புக்கொண்டால் பேச்சு உடம்பைப் பற்றி இருக்காது, ஒழுக்கத்தைப் பற்றித் திரும்பிவிடும். அவர்களுக்கு ஒரு தோழியோ அந்த இலவச எண்ணோ முதல் துணையாக இருப்பதில் தவறே இல்லை. ஆண்களிலும் இப்படிச் சிலர் உண்டு. போன தடவை எல்லாரிடமும் தம்பட்டம் அடித்துவிட்டுப் பத்தாம் நாள் மாட்டிக்கொண்டவர், இந்தத் தடவை மனைவியிடம் மூச்சுவிடாமல் தொடங்குவார். அதுவும் சரிதான். தவிப்பின் மோசமான இரண்டு வாரத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிட்டு அப்புறம் சொல்லட்டும். மனைவிக்கு அது பெரும்பாலும் நாலாம் நாளே தெரிந்திருக்கும், கண்டும் காணாததுபோல் இருந்திருப்பார்.